வடக்குச் சுவர்

இந்த விசாரணை அறையில் வெயில் நன்றாக விழுகிறது, ஐயா. எங்கள் தெருவில் இப்படி விழாது. இரண்டு பக்கமும் மாளிகைகள் உயர்ந்து நிற்பதால் நடுப்பகலிலும் கல்தரை ஈரமாகவே கிடக்கும்.

மொர்வானி மாளிகையை முப்பத்தொரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிரபு குடும்பம் மிலானில் குடியேறிவிட்டது, சாவிகள் என்னிடம். கீழ்க்கூடத்தின் வடக்குச் சுவர் முழுக்க வேட்டைக் காட்சி வரைந்திருக்கும். நானூறு வருட ஓவியம். அந்தச் சுவருக்கு மறுபக்க அறையில் தையல்காரி நிவெஸ் குடியிருந்தாள்.

பிப்ரவரியில் நிலம் லேசாக அதிர்ந்ததே, அப்போது அவள் அறையின் மேல்வளைவில், அந்த வளைந்த கல்கூரையில், விரிசல் விட்டது.

"அக்கா, மேலேருந்து சுண்ணாம்பு உதிர்ந்து சூப்புல விழுது. நகராட்சில சொல்லிடலாமா?" என்றாள்.

"பழைய வீடு உதிரத்தான் செய்யும். சூப்பை மூடி வை."

"இந்த மாளிகையையே கல்யாணம் கட்டிக்கிட்டவங்க நீங்க. ஒரு குத்தம் சொல்ல விடமாட்டீங்களே" என்று சிரித்தாள்.

நகராட்சிக்காரர்கள் வந்தால் இரும்புத்தூண் நிறுத்த வடக்குச் சுவரில் துளை போடுவார்கள். அதனால் நானே சுண்ணாம்பு குழைத்து விரிசலை அடைத்தேன். அதிர்வுக்குப் பிறகு வீடுவீடாகப் பார்க்க நகராட்சிப் பொறியாளர் வந்தபோது காப்பி கொடுத்து மற்ற அறைகளைக் காட்டி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நிலம் மறுபடி அதிர்ந்தது. நிவெஸ் அறையின் மேல்வளைவு இடிந்து இறங்கிவிட்டது. கூடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீயணைப்புக்காரர்கள் சீக்கிரமே வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கூடத்துக்குள் வந்து வடக்குச் சுவரைக் காட்டிக் கேட்டார்: "அம்மா, உள்ள யாராச்சும் இருக்காங்களா? வாசப்பக்கம் வழியில்ல. இருந்தா இந்தச் சுவரை உடைச்சுத்தான் போகணும்."

"யாருமில்லப்பா. நேத்தே தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா" என்றேன்.

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்கள். அங்கே நாலு பேரை உயிரோடு எடுத்தார்கள். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் பின்வாசல் வழியாகக் கூடத்துக்குத் திரும்பினேன். பத்து நிமிடத்தில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. "அக்கா" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. வீணாக நம்பிக்கை கொடுப்பது பாவம் இல்லையா.

மாலை வரை அவள் உயிரோடு இருந்ததாக மருத்துவர் எழுதியிருக்கிறார் என்றீர்கள். சரிதான். நாலு மணிக்குமேல் சத்தம் நின்றது.

உள்ளே அவள் இருப்பது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். முதலிலேயே தெரியும். அன்று எட்டு மணிக்கு அவளுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தானே. தீயணைப்புக்காரர் கேட்டபோது தெரிந்தேதான் இல்லை என்றேன்.

ஆனால் அவள் தனியாகச் செத்தாள் என்று ஊரில் பேசுகிறார்களாம். அதை மட்டும் மாற்றி எழுதுங்கள், ஐயா. ஆறு மணி நேரமும் சுவரில் கை வைத்தபடி நான் அவள் பக்கத்திலேயேதான் இருந்தேன்.