அழுத்திய பிறகு வாசித்த பெயர்

இங்கிலீஷில் பெரிய எழுத்துகள் எல்லாம் எனக்குத் தெரியும் சார். சின்ன எழுத்தில்தான் பியும் டியும் முதுகைத் திருப்பி நின்றுகொண்டு ஆளைக் குழப்பும். பாறை வேலையில் இடுப்பு போன பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் பஞ்சாயத்து வகுப்பில் உட்கார்ந்து படித்தவன் நான். பெஞ்சு உடையாமல் இருந்ததே பெரிய காரியம்.

குன்னத்துகாலில் கிடப்பு நோயாளிகளைப் பார்க்கும் அந்த வீட்டில் கேட்டைத் திறப்பதும் கஞ்சி கொடுப்பதும் என் வேலை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. நோயாளியின் விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் குறைந்தால், நர்ஸ் அறையில் மணி அடிக்கவைப்பது அதுதான். அதைப் பார்த்துக்கொள்வது காட்டாக்கடை ஊர்ப் பிள்ளை ஜின்சி. மாதத்தின் முதல் சனிக்கிழமை அதிலுள்ள மென்பொருள்களைப் புதுப்பிப்பாள். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால், எவை புதிதாகும், எவை நீங்கும் என்று பட்டியல் வரும். ‘ஒய்’ அழுத்தினால் நடக்கும். ‘என்’ அழுத்தினால் நின்றுவிடும்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. முந்தின நாளே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிட்டு, கட்டளையை ஒரு தாளில் எழுதித் தந்தாள். நீங்கவேண்டிய நான்கு பழைய பெயர்களும் அதில் இருந்தன.

“இந்த நாலு பேரு மட்டும்னா ஒய் அமுக்குங்க மாமா. அஞ்சாவதா ஒண்ணு கண்டா ‘என்’ அமுக்குங்க. சிஸ்டர்மாரு பாக்காம அமுக்கிருவாவ. நீங்களாக்கும் எழுத்தெழுத்தா பாப்பிய.”

பத்தரைக்கு உட்கார்ந்தேன். நீங்கும் பட்டியலில் ஐந்து பெயர்கள். நான்கைத் தாளோடு ஒப்பிட்டு முடித்தபோது, சிஸ்டர் ஷீனா பின்னால் வந்து நின்றாள்.

“மாமா கூட்டிக்கூட்டி வாசிச்சு தீரும்போ ஓணம் வந்திரும்.”

‘ஒய்’ அழுத்தினேன். திரை மளமளவென்று ஓடியது.

“அய்யோ, மாமா புலியாக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டியல் திரையில் மேலேயே நின்றது. படித்த பழக்கம், பாதியில் விட மனம் வரவில்லை. ஐந்தாவது பெயரையும் எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். அது நர்ஸ் அறை மணியை அடிக்கவைக்கும் மென்பொருளின் பெயர். வாசித்து முடிக்கும்போது மணி பதினொன்று.

ஷீனாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டிலுக்கு ஓர் ஆளை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் நான் புலியாகிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கீழே இறங்குவது என்றால் யாருக்கும் கொஞ்சம் கஷ்டம்தானே.

பன்னிரண்டு மணிக்கு நாலாம் கட்டில் பொன்னப்பனுக்குக் கஞ்சி கொடுத்தேன். என்னோடு பாறை உடைத்தவன்.

“எலே நேசமணி, காலையிலே இருந்து அந்தச் சனியன் மணி ஒருக்கா கூட அடிக்கல்ல. எனக்கு சொகமாயிட்டா?”

“ஆமாக்கும்,” என்றேன். அவனுக்குச் சந்தோஷம். ஒரு கரண்டி கூடுதலாகக் குடித்தான்.

இரண்டரைக்குச் செத்துக் கிடந்தான். உதடு நீலமாக இருந்தது.

ஜின்சி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, எப்படியும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மூன்று நாளும் நன்றாகத்தான் தூங்கினேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை. இன்று காலையில்தான், ஜின்சி இங்கே உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை ஷீனா சொன்னாள்: “நேசமணி மாமாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சும் அவரிடம் கொடுத்தது என் தப்பு. அவர்மேல் குற்றம் இல்லை.”

கேட்டதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். அது தப்பு சார், திருத்த வேண்டும். ஐந்து பெயரையும் நான் வாசித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. வேண்டுமானால் அந்தப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இப்போதே வாசித்துக் காட்டுகிறேன்.