பெயர் போன கல்லுகள்

மூதூர் லாஞ்சுக்காக இறங்குதுறையில் வரிசையாய் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் சிநேகிதியிடம், "என்ரை கல்லுகளை அவர் தன்ரை பேரிலை போட்டிட்டார், நிஸா" என்றாள். இருவரும் கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்களாம். எனக்கு முன்னால் நின்றவள் இப்போது தோப்பூரில் கணக்கு டீச்சர்.

"எந்தக் கல்லு?"

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலை சூரியனைச் சுத்துற கல்லுகள். ரெண்டு கல்லு மோதி உடைஞ்சால், துண்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பாதையிலைதான் சுத்தும். அப்பிடிப்பட்ட ஒரு கூட்டத்தை எல்லாரும் ஒரே குடும்பம் எண்டுதான் நினைச்சவை. அது ரெண்டு தரம் மோதி உடைஞ்ச ரெண்டு குடும்பம் எண்டு நான்தான் காட்டினனான். கம்பஸிலை பொடியள் எல்லாரும் பாவிச்சு விட்ட பிறகுதான் அதைக் கணக்குப் போட எனக்கு மெசின் கிடைக்கும்."

"உன்ரை புரொபெசரே எடுத்தவர்?"

"ஓம். வெளிநாட்டுச் சஞ்சிகையிலை வந்திருக்கு. அவரின்ரை பேர் மட்டும்."

"நேரிலை கேட்டனியோ?"

"வீட்டுக்கே போய்க் கேட்டனான். 'கலியாணம் கட்டிப் போன பிள்ளைக்கு இனி இது என்னத்துக்கு?' எண்டார்."

நிஸா முக்காட்டை இழுத்துவிட்டாள். "நீ என்ன சொன்னனி?"

"அவரின்ரை மனுசி தேத்தண்ணி கொண்டந்து வைச்சா. குடிச்சிட்டு, 'போட்டு வாறன் சேர்' எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."