ஒற்றைச் சுரத்துக்கு உறவுகள் தேடித் தந்தவருக்கு

இசைப்பள்ளியின் இன்முகமே! பதிவேட்டில் பிழை பொறுக்காத பெருந்தகையே! முப்பத்தோர் ஆண்டுகள் முன்னறையில் அமர்ந்து, முதல்நாள் மிரட்சியோடு வந்தவர்களையெல்லாம் முறுவலோடு வரவேற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மையாரே! பணி ஓய்வு பெறும் உங்களைப் பிரிய மனமின்றிக் கூடியிருக்கும் எங்கள் பேரன்பின் வணக்கம்!

உங்கள் பணித்திறம் ஊரறிந்தது. நாங்கள் பாட வந்தது உங்கள் படிப்புத்திறத்தை!

ஐம்பத்து மூன்றாம் வயதில், ஒரு திங்கட்கிழமை, மாணவர் சேர்க்கைப் படிவம் ஒன்றில் உங்கள் பெயரையே எழுதி, முத்திரையும் குத்தி, பியானோ ஆசிரியரின் மேசையில் வைத்தீர்கள். "யாருக்குக்கா அட்மிஷன்?" என்றார் அவர். "எனக்குத்தான் சார். சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க" என்றீர்கள். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அதற்காக இன்று அவையறிய மன்னிப்புக் கேட்கிறோம்.

விரல்கள் விரைவில் பழகின. ஒத்திசைவுப் பாடம்தான் உங்களை வாட்டி வதைத்தது. எந்தச் சுரங்கள் எவற்றோடு சேர்ந்தொலிக்கும் என்ற அந்தத் தேர்வில் இருமுறை தவறினீர்கள். மூன்றாம் முறை, நான்கு குரல்களுக்குச் சொந்தமாக ஒரு பாடல் அமைத்துத் தேர்வாளர் முன் பாடவைக்க வேண்டும் என்றார்கள். மூன்று குரல்களுக்கு ஆசிரியைகள் இருவரும் பியானோ ஆசிரியரும். கனத்த கீழ்க்குரலுக்கு நம் வயலின் ஆசிரியர். தேர்வுக்கு நான்கே நாள் இருக்கையில் வயலின் ஆசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது!

எஞ்சிய கனத்த குரல் வாயிற்காவலருடையது ஒன்றே. அவரோ கைகூப்பினார்: "எனக்கு ஒரே சத்தந்தான்மா வரும். மேலயும் ஏறாது, கீழயும் எறங்காது."

அவரைப் பியானோ அருகே நிறுத்தி, அந்தச் சத்தம் எந்தக் கட்டை என்று தேடிக் கண்டுபிடித்தீர்கள். "போதும்ண்ணே. நீங்க அசையாம நில்லுங்க. மத்தவங்கள நான் நகத்திக்கிறேன்."

மிஞ்சிய மூன்று நாளும் எழுதினீர்கள், அழித்தீர்கள், மீண்டும் எழுதினீர்கள். காவலரின் சுரம் நின்ற இடத்திலேயே நின்றது. மற்ற மூன்று குரல்களும் மாற மாற, அதே சுரம் ஒரு சுரக்கூட்டில் அடித்தளமாயிற்று, அடுத்ததில் நடுநாயகமாயிற்று, இன்னொன்றில் இளைப்பாறும் இடமாயிற்று. "இப்பத்தான் சார் எனக்கு இந்தப் பாடமே புரியுது!" என்று நீங்கள் கூவியது மாடிவரை கேட்டது.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பாடல் முடிந்ததும் காவலரை நோக்கி, "நீங்க எங்க பயிற்சி எடுத்தீங்க?" என்றார். "கேட்லதாங்க" என்றார் அவர். தேர்வறை சிரிப்பில் அதிர்ந்தது. முதல் வகுப்பில் தேறினீர்கள்! அந்தச் செய்தியைப் பதிவேட்டில் எழுதிய அன்றுதான் உங்கள் கையெழுத்து கோணியதை நாங்கள் முதன்முதலாகக் கண்டோம்.

அன்புடையீர்! விரல்கள் வலியறியாது, செவிகள் கூர்மை குன்றாது, இல்லத்தார் இன்புற, நோயின்றி நெடுங்காலம் நீங்கள் வாழ்க! ஓய்வு உங்கள் பணிக்குத்தான். உங்கள் படிப்புக்கு இல்லை. மேல்நிலை வகுப்பில் உங்களுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. வியாழன் மாலை ஐந்து மணி. பிந்தி வந்தால் வெளியில்தான் நிற்க வேண்டும். அந்த விதியை எழுதியவரே நீங்கள்தாம்!

உங்களை அனுப்ப மறுக்கும்
இசைப்பள்ளி ஆசிரியர்கள், அலுவலர்கள், வாயிற்காவலர்