ஐந்தருவி ரோட்டில் நின்ற கார்

காலை 10.20. மேலகரம் ஒர்க்‌ஷாப்பில் பானெட் திறந்த ஒரு காரில் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். காருக்குரியவரும் மனைவியும் அருகில் நின்றார்கள்.

"இப்பம் நல்லாத்தானே ஓடுது? என் தம்பி புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வரும்போது மட்டும் நின்னுச்சாக்கும்!" என்றார் மனைவி.

"பதிவாயிருக்கு அக்கா. ஓடும்போதே ஒரு சென்சார் சிக்னல் விட்டுப்போயிருக்கு. அண்ணாச்சி பொய் சொல்லல."

"பாத்தியா!" என்றார் கணவர். "தென்காசியிலேருந்து நேரா வந்தேன், ஐந்தருவி ரோட்டுல வண்டி நின்னுட்டுது."

மெக்கானிக் மேலும் படித்தார். "ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல நின்னுருக்கு."

"தென்காசியிலேருந்து ஐந்தருவிக்கு ரெண்டு நிமிஷமா? அப்பம் அங்கன வண்டிய நிறுத்திட்டு அருவியில குளிச்சிருக்கீய."

"ஒரே ஒரு குளியல்தான் ஏட்டி. சீசன்லா."

"இந்தப் பதிவை அழிச்சிரவா அண்ணாச்சி?"

"சீக்கிரம் அழிச்சிருய்யா."

அதற்குள் மனைவி ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டார்.