ஏரி என்று அச்சானதைக் கடல் என்று சொன்ன டாக்னி க்ராருப் அவர்களுக்கு

பல் மருத்துவரின் துளைக்கருவியால் தொல்காலச் சிப்பிகளின் வளர்ச்சிக் கோடுகளை முப்பத்து நான்கு ஆண்டுகள் துளைத்தவரே, மூச்சுவிட்டால் பறக்கும் பொடியை மூச்சடக்கிச் சேர்த்தவரே, சொன்னதை ஒருநாளும் மாற்றிச் சொல்லாததால் எங்களுக்கு ஓயாத சங்கடமாகவே இருந்துவந்த தோழியே, வணக்கம்.

பணி ஓய்வு விழாவில் விடைபெறுபவரைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுவது நம் துறையின் வழக்கம். "பாட்டெல்லாம் வேணாம், நடந்தத நடந்தபடி யாராச்சும் சொன்னாப் போதும்" என்று நீங்கள் தொலைபேசியில் யாரிடமோ சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. ஒட்டுக்கேட்டது யார் என்பது இங்கே முக்கியமில்லை.

யூட்லாந்தின் எந்த மழையிலும் மிதிவண்டியில் வந்து, கையுறைகளைச் சூடேற்றியின் மேல் காயப்போட்டு அறையெல்லாம் ஈர நாய் வாசம் வீசவைத்தவர் நீங்கள். ஐந்து துறைத் தலைவர்களை வழியனுப்பியவர். உங்கள் துளைமுனையை இரவல் கேட்கும் துணிச்சல் அந்த ஐவரில் ஒருவருக்கும் வரவில்லை.

1998இல் ஹெடெபக் களிமண் குழியிலிருந்து மட்டிச் சிப்பிகள் வந்தன. அவற்றின் பொடியில் அளந்த ஆக்சிஜன் அளவுகள், அவை வளர்ந்தது நன்னீரில் என்று காட்டின. பேராசிரியர் ஈவர் லின்வெட், அங்கே ஆதியில் ஏரி இருந்தது என்று கட்டுரையை எழுதி முடித்தார். நீங்கள் மட்டும் சிப்பியின் படிகத்தைச் சோதித்தீர்கள். உயிரோடிருந்த மட்டி கட்டிய படிகம் அதில் இல்லை. மண்ணில் ஊறிய மழைநீர் அதைக் கரைத்து வேறொன்றாகக் கட்டிவைத்திருந்தது.

அதை நீங்கள் சொன்னது மார்ச் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை ரொட்டி மேசையில். வெள்ளிதோறும் ஒருவர் எல்லோருக்கும் ரொட்டி வாங்கிவருவது துறை வழக்கம்; அன்றைய முறை எங்களில் ஒருவரான ஃபிளெமிங்குடையது.

"ஈவர், அது ஏரித் தண்ணி இல்ல. பின்னால எறங்குன மழத் தண்ணி. கட்டுரைய நிறுத்துங்க."

"டாக்னி, ஓட்ட போடுறது உன் வேல. அர்த்தம் சொல்றது என் வேல. அந்த வெண்ணெய இப்படித் தள்ளு."

நாங்கள் சிரித்தோம். ஃபிளெமிங் வெண்ணெயைத் தள்ளினார்.

அதன் பிறகும் மதிய உணவு நேரங்களில் குழியின் அடி அடுக்கைத் தேடி, படிகம் மாறாத பதினொரு சிப்பிகளைக் கண்டெடுத்துத் துளைத்தீர்கள். பதினொன்றும் கடல் என்றன. அந்தத் தாளை ஈவர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கட்டுரை பரிசு பெற்றது. ஊரார் ஏரி அருங்காட்சியகம் கட்டி, சுவரெல்லாம் நாணலும் நன்னீர் மீனும் வரைந்தார்கள். கட்டுரையின் கடைசி வரியில் 'ஆய்வுக்கூட உதவியாளருக்கு' நன்றி இருந்தது, பெயர் இல்லை. எங்களில் இருவர் பதவி உயர்வுக்குக் காத்திருந்ததால் வாய் திறக்கவில்லை. மற்ற இருவருக்கு அந்தக் காரணம்கூட இல்லை.

சென்ற ஆண்டு டச்சு ஆய்வுக்கூடம் ஒன்று அதே குழியைச் சோதித்து, அது கடல்தான் என்று அச்சிட்டது. மறுநாளே நடைவழியில் ஈவர், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தாம்ப்பா" என்றார். ஆய்விதழுக்கு அவர் அனுப்பிய திருத்தத்திலும் அதையே எழுதினார். சந்தேகம் அவருடையதாகிவிட்டது. உங்கள் பெயர் இந்த முறையும் இல்லை. அந்தத் திருத்தம் அடுத்த மாதம் அச்சாகிறது.

ஆகவே, அந்த மேசையில் இருந்த நாங்கள் நால்வரும் சொல்கிறோம்: முதலில் கண்டவர் நீங்கள், கண்ட அன்றே சொன்னவரும் நீங்கள், கேட்டும் கேளாதவர்கள் நாங்கள். அந்தப் பதினொரு சிப்பிகளின் அளவுகளை நீங்கள் எழுதிவைத்த குறிப்பேட்டுப் பக்கத்தைப் படியெடுத்து இந்த மடலின் பின்புறம் ஒட்டியிருக்கிறோம். இதே மடலின் இன்னொரு படி இன்று காலைத் தபாலில் இதழாசிரியருக்குப் போய்விட்டது. இந்த விழாவின் முன்வரிசையில் கேக்கோடு அமர்ந்திருக்கும் ஈவர் அவர்களே, அதைத் திரும்பப் பெறும்படி எங்களிடம் கேட்டுப் பயனில்லை.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்துப் பேசியதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம்; மன்னிக்கவும் வேண்டாம். ஆய்விதழ்காரர்கள் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பதிலைக் கண்ணாடி போடாமல் படிக்கும் பார்வையோடும், படித்துவிட்டு அவர்களைத் திட்டும் தெம்போடும் நெடுநாள் நலமாக வாழ்வீர்களாக.

துறைப் பணியாளர்களாகவும் சாட்சிகளாகவும் கையொப்பமிடுவோர்,
ஃபிளெமிங் ஓஸ்டர்கோர்
யூத்தே ராஸ்க்
பிரேபன் ஹால்
கூதுருன் தீசென்