மூன்றாவது மாடி, வலது பக்கக் கதவு

மத்தியானத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. அந்த நேரத்தில் போனில் படம் பார்ப்பேன், சார். அதற்காகவே மாதச் சந்தா கட்டியிருந்தேன். அன்றைக்கு என் கணக்கைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கணக்கு திறந்துகொண்டது. பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர், என்னென்ன பார்த்தாள் என்பது வரை எல்லாம் கண்முன்னே நின்றன. கம்பெனிக்காரர்கள் எங்கோ கோட்டை விட்டிருந்தார்கள்.

நல்லது செய்வோம் என்றுதான் கூப்பிட்டேன். "அம்மா, உங்க விவரமெல்லாம் எனக்குத் தெரியுது. மூணாவது மாடி, வலது பக்கம்தானே?" என்றேன்.

"அவர்தான் பேசச் சொன்னாரா? இந்த அட்ரஸை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். நான் யார் எவர் என்று விளக்குவதற்குள், "பொறுக்கி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் துடைத்துப் போட்டிருப்பேன். அவளோ வாட்ஸ்அப்பில் என் நம்பரைப் போட்டு, "பெண்களை வேவு பார்க்கும் ஆள், ஜாக்கிரதை" என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். அது சுற்றிச் சுற்றி என் மச்சான் கையில் வந்து நின்றது. கடையில் நாலு பேர் முன்னால், "என்ன மாமா, இந்த வயசுல புதுத் தொழிலா?" என்று சிரித்தான். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மகள்தான், "அம்மா, என் ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும்" என்றாள். அதை வாங்கி வந்து பொருத்தியதும் நான்தான்.

அந்தக் கணக்கு இன்னும் திறந்தேதான் கிடந்தது. அதில் ஒரு பழைய விலாசம், பக்கத்தில் ஒரு பழைய நம்பர். கூப்பிட்டேன். அவள் புருஷன் எடுத்தார். மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாகச் சொன்னார். என்னை அண்ணா என்று கூப்பிட்டார். அத்தனை நாளும் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒருவர் மதித்துப் பேசியது இதமாக இருந்தது. அவள் இப்போது இருக்கும் விலாசத்தைச் சொன்னேன்.

"எப்போண்ணா தனியா இருப்பா?" என்றார்.

எதற்கென்று கேட்கவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் கணக்கில் சாயங்காலம்தான் குழந்தைகளின் கார்ட்டூன் ஓடும்; அதற்கு முன்னால் அவளுடைய சீரியல். ஒரு தரம் சரிபார்த்துவிட்டு, "மத்தியானம் போங்க. பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கும்" என்றேன்.

அவர் கத்தியோடு போனது நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் அவள் யாருக்குப் பயந்தாள் என்பது எனக்கு முதல் நாளே தெரியும்; அதை மறைக்கவில்லை. என் மகள் என்னைக் கண்டு தாழ்ப்பாள் போடும்போது, அவள் மட்டும் நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பதா?

ஆஸ்பத்திரியில் கண் விழித்தால் அவளிடம் சொல்லுங்கள், சார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.