ஆடி மாதத்துக் கோடை

— அதெல்லாம் இருக்கட்டும், அண்ணை. என்னைக் கேளாமல் என்ரை பேராசிரியருக்கு நீங்கள் ஏன் போன் எடுத்தனீங்கள்?

— முதலிலை குரலைத் தாழ்த்திக் கதை, நாயகி. ஓம், எடுத்தனான். என்ரை தங்கச்சி ஆடி மாசத்திலை பிரயாணம் வெளிக்கிடமாட்டாள், ஆவணி பிறந்தாப் பிறகு அனுப்புங்கோ எண்டு மரியாதையாய்ச் சொன்னனான். மனுசன் நன்றி சொல்லித்தான் போனை வைச்சது.

— ஆடி எண்டால் என்னவெண்டு அவருக்கு விளங்கினதோ?

— இலக்கணப் பிழையில்லாத இங்கிலீசிலை விளங்கப்படுத்தினன். சனிக்கிழமையிலை இஞ்சை லண்டன் ஹரோவிலை பிறந்த பிள்ளையளுக்கே வேற்றுமை உருபு படிப்பிக்கிறன். ஒரு வெள்ளைக்காரனுக்கு ஆடியை விளங்கப்படுத்த எனக்கு ஏலாதோ?

— ஐயோ அண்ணை! சுவீடனின்ரை வட அந்தத்திலை கோடை எண்டிறதே உங்கடை ஆடிதான். வைகாசியிலும் பனி கிடக்கும். ஆனியிலை துளிர்க்கும், ஆடியிலை இரவிலும் வெய்யில் எறிச்சுப் பூக்கும். ஆவணி நடுவிலை இலையெல்லாம் சிவந்திடும். செடி பஞ்சாங்கம் பாக்குமோ?

— பாக்காட்டில் அடுத்த வருஷம் பூக்கட்டும். வேர்விட்டது எங்கையும் ஓடாது.

— நிலமே ஓடுது, அண்ணை! இதைத்தானே உங்களுக்கு ரெண்டு வருஷமாய்ச் சொல்லுறன். அங்கை கீழ்மண் எப்பவும் உறைஞ்சு கல்லாய்க் கிடக்கும். கோடையிலை மேலை ஒரு முழம் மட்டும் இளகும். அந்த ஒரு முழத்துக்குள்ளைதான் அவ்வளவு செடியும் சீவிக்குது. இப்ப அடியிலை உள்ள ஐஸும் உருகுது. நான் செடி எண்ணுற மேடு கரையிடிஞ்சு குளத்துக்குள்ளை சரியுது.

— சரிஞ்சால் அங்கையும் ஏதோ ஒண்டு முளைக்குந்தானே?

— முளைக்கும். பஞ்சுப்புல்லு. பஞ்சுப்புல்லு மட்டுந்தான்! மேட்டிலை ஒரு மேசை அளவு இடத்திலை இருபத்திரண்டு வகை எண்ணினனான். முழங்கால் உயரப் பேர்ச் எண்ட குட்டை மரம், நிலத்தோடை படர்ந்து கறுத்தப் பழம் காய்க்கிற பத்தை, நரைச்ச பாறைப்பாசி... இந்த ஆடியிலை எண்ணாட்டில், அங்கை என்ன இருந்ததெண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை.

— நீதான் எண்ணவேணுமெண்டு என்ன விதி? வேறை ஆள் இல்லையோ?

— எட்வேட் இருக்கிறான். நீங்கள் போனை வைச்ச கையோடை என்ரை இடத்தை அவனுக்குக் குடுத்திட்டினம். அவனுக்குப் பாசிக்கும் பாய்க்கும் வித்தியாசம் தெரியாது. மிதிச்சே அரைவாசியைக் கொண்டுபோடுவான். முந்தின ரெண்டு வருஷக் கணக்கும் மூண்டாவது இல்லாமல் குப்பை, அண்ணை. பேராசிரியரிட்டைப் போய் நிண்டு மண்டாடினனான். அவரும் கடைசியிலை... நான் இப்ப எடுத்ததே அதைச் சொல்லத்தான்...

— பொறு, அண்ணி இஞ்சை நிண்டு கையைக் காட்டுறா. சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா.

— ஓம், சாப்பிட்டனான் எண்டு சொல்லுங்கோ. அண்ணை, கேளுங்கோவன்...

— ஏன் உன்ரை குரல் கிணத்துக்குள்ளையிருந்து வாற மாதிரிக் கிடக்குது? உன்ரை சிநேகிதி அருள்மலர் வீட்டுப் போன் பழுதோ? லண்டனுக்குள்ளையே லூயிஷாமிலையிருந்து ஹரோவுக்குக் கதைக்க இவ்வளவு இரைச்சலோ?

— அதை விடுங்கோ. நாள் நட்சத்திரம் பாக்கிறவையை நக்கலடிக்கிற ஆள் நீங்கள். உங்கடை கலியாணத்தையே அட்டமியிலை வைச்சு அண்ணியின்ரை தாயை அழப்பண்ணினனீங்கள். இப்ப ஆடிக்கு மட்டும் என்ன வந்தது?

— ஐயா கடைசியாய்க் கொழும்புக்கு வெளிக்கிட்டது எந்த மாசம்?

— ...ஆடி.

— எந்த வருஷம்?

— எண்பத்திமூண்டு. அண்ணை, வேண்டாம்...

— அம்மா படலையிலை நிண்டு மறிச்சவ. ஆவணி பிறக்கட்டும் எண்டவ. ஐயா சிரிச்சுப்போட்டு ரயிலேறினார். அந்தக் கிழமைதான் கொழும்பு எரிஞ்சது. உடம்பைக்கூடக் கண்டவர் இல்லை. பஞ்சாங்கத்தை நான் இண்டைக்கும் நம்பேல்லை, நாயகி. ஆடியைத்தான் நம்புறன்.

— எனக்கு நீங்கள் இப்பிடி ஒருநாளும் சொன்னதில்லை.

— சொல்லுற விஷயமோ இது? நீ ரெண்டு வருஷமும் அங்கை போன நேரத்திலை நான் ஒழுங்காய் நித்திரை கொள்ளேல்லை. போன் மணி அடிச்சால் எடுக்கக் கை வராது. அண்ணிதான் ஓடிப்போய் எடுப்பா. இந்தமுறை எனக்குப் பெலன் இல்லையம்மா.

— எனக்கும் பயந்தான், அண்ணை. மூண்டுதரம் உங்கடை நம்பரைப் பாதி அடிச்சு வைச்சிட்டுத்தான் எடுத்தனான்.

— அப்ப தர்க்கத்தை விடு. ஆவணி முதலாந் தேதி நானே உன்னை விமான நிலையத்திலை கொண்டுபோய் விடுறன். எட்வேட்டின்ரை காலிலையும் வேணுமெண்டால் விழுறன். இப்ப வெளியிலை இருட்டிப்போச்சு, நீ தனிய ரயிலேறாதை. லூயிஷாமுக்கு நான் காரிலை வாறன்.

— வராதேங்கோ, அண்ணை. யன்னலாலை பாக்க என்ரை மேடு தெரியுது. இங்கை இன்னும் வெய்யில் எறிக்குது.